நூற்றெட்டாயிரமாவது சட்டகத்திலிருந்து

கோவெண்டர் அங்கிளின் டிவி
நாலு ஜிபிக்கு மேல் ஒரு கோப்பை விழுங்காது.
மகள் கல்யாணமோ மூன்று மணி பத்து நிமிடம்.
வகுத்துப் பார்த்தேன்:
நொடிக்கு இரண்டாயிரத்து எண்ணூறு கிலோபிட்.
அதில் நூற்றறுபது நாதஸ்வரத்துக்கு.
மிச்சத்துக்குள் அடங்க வேண்டும்
தாலி, சீர்த்தட்டு, பிரியாணி வரிசை,
கவுன்சிலரின் இருபத்திரண்டு நிமிடப் பேச்சு.

தர எண்ணை மட்டும் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகலாம்.
பதினெட்டு என்றால் சேலையில் இழை தெரியும்.
இருபத்தெட்டு என்றால் பட்டு பாலித்தீன் ஆகிவிடும்.
எண் ஏற ஏறத் தரம் இறங்கும்,
பள்ளிக்கூட ரேங்க் மாதிரி.
ஆனால் கோப்பு எவ்வளவு ஊதும் என்று
அந்த எண் வாக்குக் கொடுக்காது.
அளவு சொல்லி வருகிறவர்களுக்கு
இரண்டு சுற்று.

முதல் சுற்றில் இயந்திரம் பார்க்க மட்டும் செய்யும்.
படம் என்று எதையும் எழுதாது,
போடுவதெல்லாம் பாழில் போகும்.
எங்கே அசைவு, எங்கே சும்மா நிற்கிற சுவர்,
யாருக்கு எவ்வளவு என்று
ஒரு குறிப்புக் கோப்பில் கிறுக்கிக்கொண்டே போகும்,
மொய் எழுதுகிறவர் போல, முகம் நிமிராமல்.

சாட்ஸ்வர்த், ஏழாம் யூனிட், இரவு எட்டு ஐந்து.
இரண்டாம் சுற்று, அறுபத்தொரு சதவீதம்.
லோட்ஷெடிங்.
நெடுஞ்சாலை வரைக்கும் சரிவு மொத்தமும் அணைந்தது.
எதிர்வீட்டு ஜெனரேட்டர் இருமி எழுந்தது.
பாதியில் நின்ற எம்பி4 திறக்காது;
தன்னுள் என்ன எங்கே இருக்கிறது என்பதை
அது கடைசியில்தான் எழுதும்.
குறிப்புக் கோப்பு மட்டும் பிழைத்துக் கிடந்தது.

இரண்டரை மணி நேரம்.
கேமரா பேட்டரியில் கொஞ்சம் உயிர்.
உள்ளங்கை அகலத் திரையில் மூலப்படத்தை ஓட்டினேன்.

அன்றைக்கும் கரண்ட் போனது, மண்டபத்தில்,
நாலு நிமிடம்.
அங்கிள் ஜெனரேட்டர்காரனைத் திட்டப் போயிருந்தார்.
நான் கேமராவை நிறுத்தவில்லை. சோம்பல்தான்.
போன் வெளிச்சங்கள் மினுக்கின.
பக்கவாட்டுக் கதவு திறந்தது.
துறைமுக வேலைக்காரர்களின் ஜாக்கெட்,
அதன் பட்டை ஒருமுறை மின்னியது.
குபேந்திரன்.
மூன்று வருடமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத பெயர்.
தங்கை தலைமேல் கை வைத்தான்.
தெரோஷினி திரும்பவில்லை.
கையை மட்டும் உயர்த்தி
அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.
வெளிச்சம் வந்தபோது கதவு ஆடிக்கொண்டிருந்தது.

மாலையில் நான் எடுத்த மாதிரித் துண்டில்
இதெல்லாம் கரிய சதுரங்கள்.
கைக்கும் கூந்தலுக்கும் எல்லை இல்லை.
இருட்டுதானே, கொஞ்சம் போதும் என்று
இயந்திரம் முடிவெடுத்திருந்தது.
குற்றம் சொல்ல முடியாது,
கண்ணும் இருட்டில் ஏமாறும் என்ற கணக்கில்
யாரோ அதற்குச் சொல்லிக் கொடுத்தது.

பத்தரைக்குக் கரண்ட்.
முதல் சுற்று மறுபடி வேண்டாம், குறிப்பு இருக்கிறதே.
கட்டளை வரியில் ஒரு துண்டு மட்டும் சேர்த்தேன்:
நூற்றெட்டாயிரம் முதல்
நூற்றுப் பதினாலாயிரம் வரை
ஒன்றே முக்கால் மடங்கு.
மொத்தம் மாறாது,
இங்கே கொடுப்பதை எங்கேயாவது பிடுங்க வேண்டும்.
கவுன்சிலருக்கு முக்கால் மடங்கு போட்டேன்.
மேடைத் திரைச்சீலை சற்றே குழைந்தது.
எவரும் கேட்கப்போவதில்லை.

இரண்டு மடங்கு கொடுத்திருக்கலாம்.
கொடுக்கவில்லை.
தேடாத கண்ணுக்கு அது கரண்ட் போன நாலு நிமிடம்,
வேகமாக ஓட்டிவிடலாம்.

காலையில் அம்சவேணி ஆன்ட்டி வந்தார்.
கூரையில் குரங்குகள் ஓடிக்கொண்டிருந்தன.
ராண்ட் தாள்களை இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார்.
“கரண்ட் போனதே, அந்த இடத்தை வெட்டிட்டியாம்மா?”
“இல்லை ஆன்ட்டி. வெட்டணுமா?”
அவர் குச்சியை வாங்கி
கைப்பையில் போட்டார், மறுபடி எடுத்தார்,
உள்பக்கத்துச் சின்ன ஜிப்பைத் திறந்து
அதற்குள் வைத்தார்.
“அங்கிள் கேட்டா
இன்னும் ரெடியாகலைன்னு சொல்லு,” என்றார்.